வீட்டில் செய்யும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்: காதில் மாட்டுமுன் அளக்க வேண்டியவை

நல்ல ஹெட்போன் ஒன்றை ஆசையாக வாங்கித் திறன்பேசியில் செருகும் பலருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். ஒலியளவை முழுவதும் கூட்டினாலும் பாட்டு அடுத்த அறையில் ஒலிப்பதுபோல் கேட்கும். குறை பெரும்பாலும் ஹெட்போனில் இல்லை. அதை இயக்கப் போதுமான மின்னழுத்தம் திறன்பேசியிலிருந்து வருவதில்லை.

இதற்குத் தீர்வாகப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்கு மின்னணுவியல் ஆர்வலர்கள் செய்துவரும் கருவி, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். ஒரு சில்லு, ஒன்பது ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், ஒரு மிட்டாய் டப்பா. ஓர் ஓய்வுநாளில் செய்து முடித்துவிடலாம்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ஆம்ப்ளிஃபயரின் பாகங்கள் மலிவானவை. அதில் செருகப்படும் ஹெட்போன் அப்படியல்ல. ஹெட்போனுக்குப் பின்னால் இருக்கும் காதுக்கோ மாற்றுப் பாகமே கிடையாது. எனவே, முதல் பாட்டைக் கேட்கும் முன் மல்டிமீட்டரால் சில அளவுகளை வரிசையாக எடுத்துவிட வேண்டும். பொருத்தும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை அந்த அளவுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

யாருக்கு இது தேவை?

ஹெட்போன்களின் மின்மறுப்பு ஓம் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. திறன்பேசியுடன் பயன்படுத்தும் சாதாரண இயர்போன்கள் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் சில ஹெட்போன்கள் இதைவிடப் பல மடங்கு அதிகம். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 ஆகிய இரண்டும் 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 880 வகை 32, 250, 600 ஓம் என மூன்று வடிவங்களில் வெளிவந்துள்ளது.

1 வோல்ட் மின்னழுத்தத்தை 32 ஓம் இயர்போனுக்குக் கொடுத்தால் 31 மில்லிவாட் சக்தி செல்கிறது. அதே 1 வோல்ட் 300 ஓம் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட் மட்டுமே தருகிறது. பத்தில் ஒரு பங்கு. அந்தக் குறையை ஈடுசெய்ய மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபயர் செய்யும் வேலை இதுதான்.

எனவே 250 ஓம், 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்போருக்கு இக்கருவி தெளிவான மாற்றத்தைத் தரும். சாதாரண இயர்போன் வைத்திருப்போருக்கு, ஏற்கெனவே போதுமான ஒலி கிடைக்கிறது என்றால், பெரிய பயன் இராது. செய்து பழகும் அனுபவம் மட்டுமே லாபம்.

சீமோய் சுற்று

இவ்வகைக் கருவிகளில் மிகவும் பரவலானது சீமோய் என்ற சுற்று. ஹெட்வைஸ் என்ற இணையத்தளத்தை நடத்திய சூ மோய், 1990களின் இறுதியில் அதில் வெளியிட்ட சட்டைப்பை ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பு அது. வடிவமைத்தவர் பெயரே கருவிக்கும் நிலைத்துவிட்டது. அல்டாய்ட்ஸ் புதினா மிட்டாயின் தகர டப்பாவுக்குள் அடக்கிச் செய்வது உலகெங்கும் வழக்கமானது.

அதன் மையம், இரண்டு ஆப்-ஆம்ப்களைக் கொண்ட 8 கால் சில்லு. ஓபிஏ2132, ஓபிஏ2134 ஆகியவை வழக்கமான தேர்வுகள். ஒரு பாதி இடது காதுக்கு, மறு பாதி வலது காதுக்கு.

ஒலி அலை மேலும் கீழும் ஏறி இறங்குவது. அதை அப்படியே பெருக்க, சில்லுக்கு நேர், எதிர் என இரு பக்க மின்சாரமும் நடுவில் ஒரு சுழியமும் தேவை. ஒரே பேட்டரியில் அது கிடைக்காது. எனவே இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்களைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே தொடராக இணைத்து, அவை சேரும் இடத்தை நடுப்புள்ளியாகக் கொள்கிறார்கள். 9 வோல்ட் அங்கே இரண்டாகப் பிரிந்து, நடுப்புள்ளிக்கு மேலே 4.5 வோல்ட், கீழே 4.5 வோல்ட் என்று ஆகிறது. ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இணையாக 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று நிற்கும்.

இந்த நடுப்புள்ளிதான் ஆம்ப்ளிஃபயரின் உயிர். பெரும்பாலான குறைகள் இங்கிருந்து தொடங்கும், அல்லது இங்கே வந்து தெரியும்.

ஒரு பக்கத்துக்கான இணைப்பு இப்படி இருக்கும். உள்வரும் ஒலி வால்யூம் குமிழைக் கடந்து, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சில்லின் 3ஆம் காலுக்குச் செல்கிறது. 3ஆம் காலிலிருந்து நடுப்புள்ளிக்கு 100 கிலோஓம். 2ஆம் காலிலிருந்து நடுப்புள்ளிக்கு 1 கிலோஓம். 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையே 10 கிலோஓம். 1ஆம் கால்தான் வெளியீடு. அது நேராக ஹெட்போன் ஜாக்கிற்குப் போகிறது. மறுபக்கத்திற்கு 3, 2, 1க்குப் பதிலாக 5, 6, 7ஆம் கால்கள். 8ஆம் கால் பேட்டரியின் நேர்முனை, 4ஆம் கால் எதிர்முனை. உள்ளீட்டு ஜாக், ஹெட்போன் ஜாக் இரண்டின் பொதுமுனையும் வால்யூம் குமிழின் கீழ்முனைகளும் நடுப்புள்ளியில் சேரும்.

10 கிலோஓமை 1 கிலோஓமால் வகுத்து 1ஐக் கூட்டினால் 11. இதுதான் பெருக்க அளவு. 32 ஓம் இயர்போனுக்கு 11 மடங்கு மிக அதிகம். குமிழைச் சற்றுத் திருப்பினாலே அலறும். 1 கிலோஓமுக்குப் பதில் 3.3 கிலோஓம் போட்டால் பெருக்கம் 4 மடங்காகக் குறையும்.

பாகங்களும் கடைகளும்

மேலே சொன்னவற்றோடு 10 கிலோஓம் இரட்டை வால்யூம் குமிழ், இரண்டு 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்குகள், எல்இடி விளக்கு, அதற்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர், சுவிட்ச், பேட்டரி இணைப்பான், துளைப் பலகை, 8 கால் சாக்கெட் ஆகியவை வேண்டும். வால்யூம் குமிழ் லாகரிதம் வகையாக இருப்பது நல்லது. இல்லையென்றால் சிறிது திருப்பியதுமே ஒலி முழுவதும் எகிறி, மீதிச் சுற்றில் மாற்றமே தெரியாது.

சாக்கெட் சிறு செலவு. ஆனால் சில்லை நேராகப் பலகையில் சால்டர் செய்துவிட்டால், பிறகு அதைக் கழற்றிச் சோதிக்க வழியில்லை.

சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர், கோலாலம்பூரில் புடு வட்டாரத்தின் ஜாலான் பாசார் ஆகியவை மின்னணுப் பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றவை. ரெசிஸ்டர் போன்றவற்றை இணையத்திலும் வாங்கலாம். சில்லை மட்டும் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. ஓபிஏ2134 என்று மேலே அச்சிடப்பட்ட போலிகள் சந்தையில் அதிகம்.

பலகையில் வைக்குமுன் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்துவிட வேண்டும். 1 கிலோஓமின் நிறம் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. 10 கிலோஓம் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 100 கிலோஓம் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். மூன்றாம் கோடு ஒன்றில் மட்டும்தான் வேறுபாடு. மேசை விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகவே தெரியும்.

கெப்பாசிட்டரிலும் இதே ஆபத்து உண்டு. 104 என்று அச்சிட்டிருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 103 என்றால் 0.01 மைக்ரோஃபாரட். சரியான பாகம் 100 கிலோஓமுடன் சேர்ந்து ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ் வரை ஒலியைக் கீழே இறங்க விடும். 103ஐப் போட்டால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தவில், மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கித்தார் எல்லாம் மெலிந்துபோகும். கருவி பழுதில்லாமல் இயங்கும். ஆனால் ஒலியில் கனம் இராது.

220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களுக்கு முனை உண்டு. மேலே உள்ளதன் நேர்முனை பேட்டரியின் நேர்முனையோடும், எதிர்முனை நடுப்புள்ளியோடும் சேர வேண்டும். கீழே உள்ளதன் நேர்முனை நடுப்புள்ளியோடு, எதிர்முனை பேட்டரியின் எதிர்முனையோடு. 16 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவு கொண்டவை போதும்.

பொருத்தும்போது

ஈயம் கலந்த 60/40 சால்டர் ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸில் உருகும். புதிதாகப் பழகுவோருக்கு அதுவே எளிது. இரும்பின் நுனியால் பாகத்தின் காலையும் பலகையின் செம்பையும் சேர்த்துச் சூடாக்கி, பிறகே சால்டரை அங்கே தொட வேண்டும். இரும்பின் மேல் சால்டரை உருக்கிக் கொண்டுபோய் ஒட்டினால் அது ஒட்டியதுபோல் தெரியும்; ஆனால் மின்சாரம் ஒழுங்காகக் கடக்காது. நல்ல இணைப்பு பளபளப்பாகச் சரிவான கூம்புபோல் இருக்கும். கெட்டது உருண்டை மணிபோல் நிற்கும்.

இவ்வட்டார ஈரப்பதத்தில் பல மாதம் இழுப்பறையில் கிடந்த பாகங்களின் கால்கள் மங்கிப்போயிருக்கும். அவற்றைச் சிறு கத்தியாலோ மெல்லிய உப்புத்தாளாலோ சுரண்டிய பிறகு சால்டர் செய்தால் நன்கு பிடிக்கும். வேலையின்போது சன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகள் செய்வதாயின் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

முதல் முயற்சிக்குப் பேட்டரியே பாதுகாப்பு. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை டப்பாவுக்குள் கொண்டுவரும் எந்த வடிவமைப்பையும் அனுபவமில்லாதவர்கள் தொடக்கூடாது.

முதல் அளவு: சில்லு இல்லாமல்

எல்லாம் பொருத்தியதும் சில்லைச் செருகாமல், ஹெட்போன் செருகாமல், பேட்டரியை மட்டும் இணைக்க வேண்டும். எல்இடி எரியும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சாக்கெட்டின் 4ஆம், 8ஆம் கால்களுக்கு இடையே அளந்தால் பேட்டரியின் முழு மின்னழுத்தம், அதாவது ஏறக்குறைய 9 வோல்ட், வர வேண்டும்.

எதுவும் வரவில்லையென்றால் சுவிட்ச், பேட்டரி இணைப்பான், சால்டர் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் வந்தும் எல்இடி எரியவில்லையென்றால் அது திருப்பிப் போடப்பட்டிருக்கும். 4ஆம் காலில் நேர்முனையும் 8ஆம் காலில் எதிர்முனையும் இருந்தால் கம்பிகள் மாறியுள்ளன. இதைக் கவனிக்காமல் சில்லைச் செருகினால் அது சில வினாடிகளில் சூடேறிப் பழுதாகிவிடும்.

இரண்டாம் அளவு: நடுப்புள்ளி

மீட்டரின் கறுப்புக் கம்பியை நடுப்புள்ளியில் வைத்து, சில வினாடி பொறுத்து, சிவப்பை 8ஆம் காலில் வைத்தால் நேர் 4.5 வோல்ட், 4ஆம் காலில் வைத்தால் எதிர் 4.5 வோல்ட். 4.3க்கும் 4.7க்கும் இடையே இருந்தால் கவலையில்லை. 6க்கு 3 என்று பிரிந்திருந்தால் ஒரு ரெசிஸ்டரின் அளவு தவறு, அல்லது 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தலைகீழாக உள்ளது. ஒரு பக்கம் முழு 9 வோல்ட்டும் மறுபக்கம் சுழியமும் வந்தால், நடுப்புள்ளி எங்கோ ஒரு முனையோடு நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் அளவு: வெளியீட்டில் டிசி

பேட்டரியைக் கழற்றி, சில்லின் பள்ளக் குறி சரியான பக்கம் இருப்பதைப் பார்த்துச் செருகி, மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். சில்லின் மேல் விரல் வைத்தால் சூடு தெரியக்கூடாது. சுடுகிறது என்றால் உடனே அணைக்க வேண்டும்.

இப்போது மீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி, நடுப்புள்ளிக்கும் 1ஆம் காலுக்கும், பிறகு 7ஆம் காலுக்கும் இடையே அளக்க வேண்டும். ஹெட்போனைக் காக்கும் அளவு இதுவே. பாட்டு இல்லாதபோது வெளியீட்டில் மின்னழுத்தம் இருக்கக்கூடாது. இருந்தால் அது ஹெட்போனின் சவ்வை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பிச் சுருளைச் சூடாக்கும். இயர்போனின் மெல்லிய சுருள் கருகிப்போகலாம்.

ஓபிஏ2134இன் உள்ளீட்டில் இயல்பாக இருக்கும் பிழை அரை மில்லிவோல்ட் அளவு. 11 மடங்கு பெருக்கத்தில் அது 5, 6 மில்லிவோல்ட்டாக வெளியே தெரியும். அந்தச் சில்லுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்சப் பிழையே வந்தாலும் 22 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. எனவே 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஹெட்போனை அருகிலேயே கொண்டுவரக்கூடாது.

நான்காம் அளவு: இயர்போனோடு நடுப்புள்ளி

போனால் பரவாயில்லை என்று நினைக்கும் பழைய இயர்போன் ஒன்றைச் செருகி, அதைக் காதில் வைக்காமல், நடுப்புள்ளியை மறுபடி அளக்க வேண்டும். முன்பு 4.5ஆக இருந்தது இப்போது நகர்ந்திருக்கலாம்.

காரணம் எளிது. வெளியீட்டில் உள்ள சிறு டிசி, இயர்போன் வழியாக நடுப்புள்ளிக்குத்தான் திரும்புகிறது. இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்கள் தாங்கும் அந்தப் புள்ளி பலவீனமானது. 1 மில்லியாம்பியர் ஓடினாலே 2 வோல்ட்டுக்கு மேல் நகர்ந்துவிடும். 20 மில்லிவோல்ட் டிசி 300 ஓம் ஹெட்போனில் ஓட்டும் மின்னோட்டம் சொற்பம். அதே 20 மில்லிவோல்ட் 32 ஓம் இயர்போனில் 0.6 மில்லியாம்பியரை ஓட்டும். நடுப்புள்ளி ஒன்றரை வோல்ட் சாயும். பிறகு ஒலி ஒரு பக்கம் சீக்கிரமே வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

32 ஓம் இயர்போனுக்குச் செய்பவர்கள் பெருக்கத்தை 4 மடங்காகக் குறைத்தால் டிசியும் அதே விகிதத்தில் குறையும். டிஎல்இ2426 என்ற சிறு சில்லை நடுப்புள்ளியில் பயன்படுத்துவது இன்னும் உறுதியான வழி.

சில்லை மாற்றினால் வரும் வம்பு

ஓபிஏ2134 கிடைக்கவில்லை என்று அதே சுற்றில் என்இ5532ஐப் போடுவோர் உண்டு. கால்கள் ஒன்றுபோல் இருக்கும். அது தரமான சில்லும்கூட. ஆனால் மூன்றாம் அளவில் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி காட்டும்.

என்இ5532இன் உள்ளீட்டுக் கால் ஏறக்குறைய 200 நானோஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. அது 100 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகச் செல்லும்போது 20 மில்லிவோல்ட் உண்டாகிறது. 11 மடங்கு பெருக்கினால் 220 மில்லிவோல்ட். ஓபிஏ2134 வேறு வகை. அதன் உள்ளீட்டில் மின்னோட்டம் அறவே இல்லை என்றே சொல்லலாம். சில்லில் குறையில்லை, சுற்றிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இதனாலேயே மூன்றாம் அளவு பல போலிகளையும் காட்டிக்கொடுக்கும். ஓபிஏ2134 என்று அச்சிட்ட சில்லு இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் காட்டினால், மலிவான வேறொரு சில்லின் மேல் பெயரை மாற்றி அச்சிட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

கேட்கும் ஒலியே சொல்லும் குறைகள்

நான்கு அளவுகளும் சரியாக இருந்தால் பழைய இயர்போனில் பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இனி வரும் குறைகளைக் காதாலேயே அடையாளம் காணலாம்.

பாடகர் குரல் மறைந்து, பின்னணி இசை மட்டும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறதா? ஹெட்போன் ஜாக்கின் பொதுமுனைக் கம்பி விட்டுப்போயிருக்கிறது. அப்போது இரு காதுகளுக்கும் இடது, வலது ஒலிகளின் வேறுபாடு மட்டுமே கிடைக்கும். பாடகர் குரல் வழக்கமாக இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது அழிந்து, பாட்டு கரோக்கி போலாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மெலிவாக, ஆனால் தெளிவாக இருந்தால், அந்தப் பக்கத்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் நடுப்புள்ளியோடு சேரவில்லை. பெருக்கம் 11க்குப் பதில் 1 ஆகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பயங்கரமாக அலறினாலோ, வெளியீடு நேர் அல்லது எதிர் 3, 4 வோல்ட்டில் சிக்கிக்கொண்டாலோ, 10 கிலோஓம் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கம் முற்றிலும் ஊமை என்றால் ஜாக், குமிழ், கெப்பாசிட்டர் என்று உள்ளீட்டிலிருந்து படிப்படியாகத் தேட வேண்டும். இடது, வலது உள்ளீட்டுக் கம்பிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தால் வேலை பாதியாகும். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் குறை அந்தக் கம்பிகளுக்கு முன்னால் இருக்கிறது, மாறாவிட்டால் பின்னால்.

டப்பாவைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் டப்பா நடுப்புள்ளியோடு இணைக்கப்படவில்லை. பேட்டரியில் அமைதியாக இருந்து, அடாப்டரில் மட்டும் உறுமினால் குறை அடாப்டரில் இருக்கிறது. சத்தமான இடங்களில் மட்டும் ஒலி கிழிந்தால் முதலில் புதிய பேட்டரியைப் போட்டுப் பார்க்க வேண்டும். மறுமின்னேற்றம் செய்யும் 9 வோல்ட் பேட்டரிகள் பலவற்றின் உண்மையான அளவு 8.4 அல்லது 7.2 வோல்ட்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பேட்டரி ஓரிரு நாளில் தீர்ந்துவிடுகிறது, சில்லு வெதுவெதுப்பாக இருக்கிறது, ஆனால் பாட்டு ஓரளவு சரியாகவே கேட்கிறது என்றால், சில்லு காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாடக்கூடும். வேகமான சில்லுகளில் இது அதிகம். சில்லின் 4ஆம், 8ஆம் கால்களுக்கு இடையே மிக நெருக்கமாக ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்ப்பது முதல் மருந்து. ஓபிஏ2134 பாட்டில்லாமல் இழுப்பது 8 மில்லியாம்பியர். எல்இடியும் நடுப்புள்ளி ரெசிஸ்டர்களும் சேர்ந்து 10க்குள். 500 மில்லியாம்பியர்-மணி அல்கலைன் பேட்டரி இந்தக் கணக்கில் ஏறக்குறைய 50 மணி நேரம் வர வேண்டும். உரக்கக் கேட்டால் குறையும். ஆனால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்தால் அது இயல்பல்ல.

தகர டப்பா செய்யும் குறும்பு

பலகையில் எல்லாம் சரியாக இயங்கி, டப்பாவுக்குள் வைத்ததும் நின்றுபோவது அடிக்கடி நடப்பது. பலகையின் அடிப்பக்கம் தகரத்தைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தடித்த அட்டையோ பிளாஸ்டிக் தாளோ அடியில் விரித்தால் போதும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. உலோக உடல் கொண்ட ஹெட்போன் ஜாக்கைத் தகரத்தில் பூட்டினால் டப்பா முழுவதும் நடுப்புள்ளியாகிவிடும். அதே டப்பாவில் உலோக உடல் கொண்ட அடாப்டர் ஜாக்கையும் பூட்டினால், அதன் உடல் பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்திருக்கும். டப்பா வழியாக நடுப்புள்ளியும் எதிர்முனையும் ஒன்றாகிவிடும். இரண்டாம் அளவை டப்பாவுக்குள் வைத்த பிறகும் எடுத்தால் இது உடனே தெரிந்துவிடும். அடாப்டர் ஜாக் பிளாஸ்டிக் உடல் கொண்டதாக இருக்க வேண்டும்.

இதே காரணத்தால், பாட்டுக் கருவியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே அடாப்டரிலிருந்து இயக்கக்கூடாது. பாட்டுக் கருவியின் பொதுமுனை பொதுவாக அடாப்டரின் எதிர்முனை. ஆம்ப்ளிஃபயரின் பொதுமுனை நடுப்புள்ளி. ஒலிக்கம்பியைச் செருகியதும் இரண்டும் சேர்ந்துவிடும். அடாப்டர் பயன்படுத்துவோர் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரை, மலேசியாவில் சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

செவிக்கும் ஓர் அளவு உண்டு

மின்னழுத்தத்தை அளந்தவர்கள் ஒலியளவை மறந்துவிடக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த தரநிலை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபலை எல்லையாகக் குறிக்கிறது. சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி நேரம். 86இல் 10 மணி நேரம்.

திறன்பேசி தன் ஒலியளவு எல்லையைப் பற்றி எச்சரிக்கும். வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயர் எச்சரிக்காது; 11 மடங்கு பெருக்கிக் கொடுத்துவிடும். மேலும் இச்சுற்று மின்சாரம் ஏறும்போதும் இறங்கும்போதும் 'தொம்' என்று அடிக்கும். எனவே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய வரிசை: குமிழைக் குறைப்பது, சுவிட்சைப் போடுவது, சில வினாடி பொறுப்பது, ஹெட்போனைச் செருகுவது, பிறகே காதில் மாட்டுவது. அணைக்கும்போது முதலில் ஹெட்போனைக் கழற்றுவது.

பேட்டரி மாற்றும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் முனைகள் ஒரு நொடி மாறித் தொட்டாலே சில்லு பாதிக்கப்படலாம். நேர்முனைக் கம்பியில் தொடராக ஒரு ஷாட்கி டையோடைச் சேர்த்தால், சிறிதளவு மின்னழுத்தம் குறையுமே தவிர, அந்தக் கவலை தீரும்.

அடுத்த படி

சீமோய் சுற்றின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் அதன் வெளியீடு ஏறக்குறைய 3 வோல்ட் உச்சம் வரை ஏறும். 300 ஓம் ஹெட்போனில் அது 15 மில்லிவாட். 32 ஓமில் மின்னழுத்தம் தடையில்லை, மின்னோட்டம்தான் தடை. சில்லு ஏறக்குறைய 40 மில்லியாம்பியருக்கு மேல் தராது. இதைவிட அதிகம் வேண்டுவோர், புனைபெயரில் மட்டுமே அறியப்பட்ட வடிவமைப்பாளர் ஒருவர் 2011இல் யாரும் செய்துகொள்ளும்படி வெளியிட்ட ஓ2 ஆம்ப்ளிஃபயரை நாடலாம். அதில் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் இருப்பதால் நடுப்புள்ளிக்கு ரெசிஸ்டர் தேவையில்லை. இரு பேட்டரிகளும் சேரும் இடமே நடுப்புள்ளி.

எதைச் செய்தாலும், கருவி நன்றாக இயங்கும் நாளில் எடுத்த அளவுகளை ஒரு சிறு தாளில் எழுதி டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவைப்பது நல்லது. பேட்டரி 9.2, நடுப்புள்ளி 4.6, இடது 4 மில்லிவோல்ட், வலது 6 மில்லிவோல்ட் என்று நான்கு எண்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பக்கம் கரகரக்கத் தொடங்கும்போது, அதே நான்கு இடங்களை அளந்து அந்தத் தாளோடு ஒப்பிட்டால், எந்த எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.